‘உனக்கு எப்படித் தெரியும்?’ – யாரைப் பார்த்துக் கேட்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக உங்கள் கடிதப் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை டர்பனில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாசகர் எழுதினார்: பாதிக்கப்பட்டேன் என்று யார் வந்து சொன்னாலும் ஆதாரம் இல்லாமல் நம்பக் கூடாது, எதையும் சந்தேகிப்பதுதான் பகுத்தறிவு, முடிவு தெரியும்வரை எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதே நேர்மை. அடுத்த வாரமே அவருக்கு ஆதரவாகச் சில கடிதங்கள். எதிர்த்து எழுதிய ஒருவரோ, பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதுவே உண்மை, மேற்கொண்டு கேள்வி கேட்பதே அநியாயம் என்று முடித்துவிட்டார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் முதலாமவர் சொல்வது கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கிறது, அதனாலேயே அதுதான் அதிக ஆபத்தானது என்று நினைக்கிறேன். ஆகவே என் வழக்கு அவரோடுதான்.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். இங்கே கணக்கு வாத்தியாராக வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவன். நிரூபணம் என்றால் எனக்கு ஒவ்வாமை கிடையாது, அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. முக்கோணத்தை எந்தப் பிள்ளை வரைந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வெளியே அப்படி இல்லை. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று சிலரை யாரும் கேட்பதே இல்லை, வேறு சிலரை அதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. அந்த வாசகர் தம் கடிதத்தில் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சந்தேகம் என்பது எல்லார் தலையிலும் சமமாகப் பெய்கிற மழை மாதிரி எழுதுகிறார்.

எல்லாவற்றையும் சந்தேகி என்று சொல்கிற பலர் மனதில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்த் இருக்கிறார். 1641இல் வந்த அவருடைய ‘தியானங்கள்’ என்ற நூலில், கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் இங்கே இருப்பதே கனவாக இருக்கலாமே, வஞ்சகமான ஒரு சக்தி என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டுக்கொண்டே போகிறார். நல்ல காரியம்தான். ஆனால் அதே முதல் தியானத்தில் அவர் சொல்லிவைக்கிற ஒன்றை இந்த வாதங்களில் யாரும் எடுத்துக்காட்டி நான் பார்த்ததில்லை: இவ்வளவு தூரம் சந்தேகப்பட்டாலும் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது, ஏனென்றால் இப்போது எதையும் செய்வது என் வேலை இல்லை, அறிவது மட்டும்தான் என்கிறார். அதாவது செயலைத் தொடாத இடத்தில்தான் அந்தச் சந்தேகத்துக்கு அவர் அனுமதி கொடுக்கிறார். புகார் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அந்த அனுமதி இல்லை. அவர் சும்மா இருந்தாலே அவள் வீட்டில் ஏதோ ஒன்று நடந்துவிடும்.

சாயாமல் இருப்பது நேர்மை என்பதற்கும் பழைய வம்சாவளி உண்டு. டெகார்த்துக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கத்தில் பிர்ரோ என்ற தத்துவவாதியின் வழிவந்தவர்கள், எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கமும் சமமான வாதம் உண்டு, ஆகவே தீர்ப்பை நிறுத்திவை, மனம் அமைதியாகிவிடும் என்றார்கள். அப்புறம் எப்படி வாழ்வது என்று கேட்டால் அவர்கள் வழியில் பின்னால் எழுதிய செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: ஊர் வழக்கத்தையும் சட்டத்தையும் அனுசரித்துப் போ. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் இடிக்கும். ஊர் வழக்கம் நமக்கு அனுகூலமாக இருந்தால் தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஊர் வழக்கமே ஒருவன் கழுத்தில் காலை வைத்திருக்கும்போது, நான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று சொல்வதும், அந்தக் கால் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்வதும் நடைமுறையில் ஒன்றுதான்.

சரி, தத்துவம் போதும். நான் இருக்கும் ஊரின் கதைக்கு வருகிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் நேட்டால் (டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் கப்பல் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார்கள்: எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. அவர்களைப் பற்றி அரசாங்கத்துக்கு இவ்வளவு தெரியும். அவர்கள் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் பிரச்சினை.

அடிவாங்கியவன் புகார் சொல்ல வழி இருக்கத்தான் செய்தது, காகிதத்தில். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஒரு பதவியே இருந்தது. ஆனால் 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்தில் 101ஆவது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? ஒரு தோட்டத்துக் கூலிகள் எல்லாருமோ பெரும்பகுதியினரோ அனுமதி இல்லாமல் வேலையை விட்டுவிட்டு முதலாளி மேல் புகார் சொல்லக் கிளம்பினால் அபராதமோ சிறையோ உண்டு. புகார் பொய்யாக இருந்தால் என்று நினைக்காதீர்கள், புகார் உண்மை என்று தீர்ப்பானாலும் தண்டனை உண்டு என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆதாரத்தோடு வா என்பார்கள், ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு பேராகக் கிளம்பினால் அதுவே குற்றம். நம் வாசகர் சொல்கிற ‘ஆதாரம் இல்லாமல் நம்பாதே’ என்ற கொள்கை இந்தத் தோட்டத்தில் எப்படி வேலை செய்திருக்கும் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும். பாதுகாவலர் மனசாட்சி சுத்தமாகச் சொல்லியிருப்பார், என்னிடம் ஆதாரம் எதுவும் வரவில்லை என்று.

பாலசுந்தரம் கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1894 வாக்கில், முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்த தமிழ்க் கூலி. எல்லாரும் அந்தத் தலைப்பாகையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. காந்தி அவரை நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போகவில்லை, முதலில் ஒரு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அன்றைக்கு டர்பனில் வெள்ளைக்கார டாக்டர்கள் மட்டும்தான். காந்தி வக்கீல், எது செல்லும் எது செல்லாது என்று அவருக்குத் தெரியும். உடைந்த பல் வாயில் இருக்கிறது, ரத்தம் சட்டையில் இருக்கிறது, ஆனாலும் அடி விழுந்தது ‘தெரிந்த விஷயம்’ ஆவதற்கு ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்து தேவைப்பட்டது. காகிதம் கிடைத்ததும் மாஜிஸ்திரேட்டுக்கே கோபம் வந்து முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர் கெட்ட மனிதர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய இன்னொரு சம்பவம். பத்து வருடம் முடித்துவிட்டு முதல் தொகுதிக் கூலிகள் 1871இல் சென்னைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அங்கே போய், அடி உதை, பிடித்துக்கொண்ட கூலி, நோயில் கிடந்தபோது நடத்திய விதம் எல்லாவற்றையும் சொன்னார்கள். 1866 முதலே நின்றிருந்த கப்பலை மறுபடி ஓடவிட இந்திய அரசாங்கம் மறுத்துவிட்டது. கரும்பு முதலாளிகள் அலறியடித்துக்கொண்டு 1872இல் ஒரு விசாரணைக் குழு போட வைத்தார்கள், கொஞ்சம் சீர்திருத்தம் செய்தார்கள், 1874இல் மறுபடியும் கப்பல் ஓடியது. அதே ஆட்கள்தான், அதே தமிழில்தான் சொன்னார்கள். தோட்டத்தில் சொன்னபோது புலம்பல், சென்னையில் சொன்னபோது வாக்குமூலம். நடுவில் மாறியது என்ன? கேட்கிறவனுக்கு, கேட்காவிட்டால் என்ன நஷ்டம் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

இதற்கு மேற்கத்தியத் தத்துவத்தில் இப்போது ஒரு பெயரே இருக்கிறது. மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில் இதை அறிவு சார்ந்த அநீதி என்கிறார். ஒருவர் சொல்வதை அவருடைய நிறம், சாதி, பால், உச்சரிப்பு இவற்றை வைத்துக் குறைத்து மதிப்பிட்டால், அதுவே ஒரு தனி அநியாயம், அறிகிற ஜீவன் என்ற அந்தஸ்தையே பறிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இதைக் கண்டுபிடிக்க 2007 வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் எனக்குத் தோன்றும். நம் பக்கத்துத் தர்க்க மரபில் காட்சி, கருதல் (ஊகித்து அறிவது), உரை என்று அறிவுக்கு மூன்று வாயில்கள் சொல்லுவார்கள். உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல்வது, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் தனியாக ஓர் அளவையாகவே நிற்கிறது. யார் நம்பத்தக்கவர் என்ற கேள்விக்கு நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூலுக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர் கொடுத்த இலக்கணம், பொருளை நேராக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர் என்பது. அதோடு நிற்காமல், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் (அந்நியருக்கும்) பொது என்றும் எழுதிவைத்தார். எழுதி ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நடைமுறையில் யாருடைய உரை சபை ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வரும் ஒரு வாதத்தைப் படித்துப் பாருங்கள்: இவர்கள் பெரும் நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய் வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினமாக இருக்கிறது. இதுவும் சந்தேகம்தான். பகுத்தறிவு மாதிரித்தான் பேசுகிறது. எதைச் சந்தேகிக்கிறது, யார் பக்கம் நின்று சந்தேகிக்கிறது என்பதைப் பார்க்காமல், சந்தேகிக்கிறது என்பதற்காகவே அதை மெச்ச முடியுமா?

இந்த இடத்தில் அந்த வாசகர் எழுந்து, குற்றம் நிரூபணம் ஆகும்வரை நிரபராதி என்பதை நீங்கள் தூக்கிப் போடுகிறீர்களா என்று கேட்பார். கேட்கவும் வேண்டும். இல்லை, தூக்கிப் போடவில்லை. அந்த விதி எதற்காக வந்தது? போலீஸ், வழக்கறிஞர், சிறைச்சாலை எல்லாம் கையில் வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு எதிரே ஓர் ஆள் தனியாக நிற்கிறான், ஆகவே சந்தேகத்தின் பலன் அவனுக்குப் போகட்டும் என்று. அதுவே பலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்த ஏற்பாடுதான். ஒருவரைச் சிறைக்கு அனுப்ப எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஒருத்தி சொல்வதை எழுதிக்கொள்ள, விசாரிக்க ஓர் ஆளை அனுப்ப, அதுவரை அவளுக்கு ஒரு பாதுகாப்புக் கொடுக்க எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான அளவுகோலைக் கொண்டுபோய் இரண்டாவதில் வைத்து அளப்பதுதான் காவல் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை நாம் தினமும் பார்ப்பது.

நிறவெறி ஆட்சிக்கு வருகிறேன். 1977 ஆகஸ்டில் ஹூசன் ஹஃபெஜி என்ற 26 வயதுப் பல் டாக்டரை டர்பனில் பாதுகாப்புப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் பிணம். தன் கால்சட்டையாலேயே தூக்குப் போட்டுக்கொண்டார் என்றார்கள். உடம்பெங்கும் காயங்கள். ஆனாலும் விசாரணை மன்றம் தற்கொலை என்றே எழுதியது. அந்தத் தீர்ப்பு மாறியது 2023இல், அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள் என்று. நிறவெறியை எதிர்த்ததால் போலீஸ் பிடித்துப்போன அகமது திமோலுக்கும் இதே கதைதான்: 1971இல் ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் ஸ்குவேர் போலீஸ் நிலையத்தின் பத்தாவது மாடியிலிருந்து தானே குதித்தார் என்று 1972இல் தீர்ப்பு, அது கொலை என்று 2017இல் தீர்ப்பு. நடுவில் 1996இல் அவருடைய தாயார் ஹவா திமோல் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார். அடுத்த வருடம் இறந்துவிட்டார்.

இப்போது ‘முடிவு தெரியும்வரை சாயாதே’ என்ற அறிவுரையை இந்தத் தாயாருக்குப் பொருத்திப் பாருங்கள். 1972இல் முடிவு தெரிந்துவிட்டதே! அரசாங்க முத்திரையோடு, மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு. நம் வாசகர் அன்றைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் இருந்திருந்தால், தம் கொள்கைப்படி, அந்த அம்மாவிடம் போய் ஆதாரம் உங்கள் பக்கம் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு என்ன ஆதாரம் இருந்தது? தான் வளர்த்த பிள்ளை இப்படிச் செய்யமாட்டான் என்ற அறிவு, போலீஸ் எப்படிப்பட்டது என்ற அறிவு. இரண்டையும் எந்த மன்றமும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் 2017இல் நீதிபதி மொத்லே வந்து சேர்ந்த இடத்துக்கு அந்த அம்மா 1971லேயே வந்து சேர்ந்திருந்தார். அதிகாரத்தின் வார்த்தையைச் சந்தேகித்தவர் அவர்தான், உண்மையான சந்தேகவாதி அந்த வீட்டில்தான் இருந்தார். மன்றத்தில் இருந்தவர்கள் போலீஸ் சொன்னதை அப்படியே விழுங்கிய நம்பிக்கைவாதிகள்.

இத்தனைக்கும் இதே அரசாங்கம்தான் ஒருவரின் இனம் எது என்று முடிவுகட்ட அவர் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தது. அதற்கு மட்டும் அவர்களுக்கு மேற்கொண்டு ஆதாரம் தேவைப்படவில்லை.

ஆதாரம் என்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அதை உருவாக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது. தென் டர்பனில் மேர்பேங்க், வென்ட்வொர்த் பகுதிகள், 2020களின் தொடக்கம்வரை ஓடிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலி ஓரத்திலேயே இருக்கின்றன. நிறவாரியாகக் குடியிருப்பு பிரித்த காலத்தில் இந்தியர்களையும் கலப்பினத்தவரையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், மேர்பேங்கில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு மூச்சு இளைக்கிறது, ராத்திரி நாற்றம் தாங்கவில்லை என்று அங்குள்ள தாய்மார்கள் பல வருடம் சொன்னார்கள். 1995இல் ஆலைக்கு விழாவுக்காக வந்த மண்டேலா, வழியில் பதாகையோடு நின்றவர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசினார். ஆனால் காற்றில் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு விடுகிறோம் என்ற கணக்கு ஆலைகள் கையில்தான் இருந்தது, அவர்கள் எழுதிக் கொடுப்பதுதான் எண். 2000இல் ஓர் ஆலை, தான் அந்தக் கணக்கைக் குறைத்துக் காட்டி வந்ததை ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் ஊர்க்காரர்களே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். பிறகு பல்கலைக்கழகக்காரர்கள் வந்து மேர்பேங்கின் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் முறையாகச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. தாய்மார்கள் சொன்னது அதுவரை ‘உணர்ச்சிவசப்படுதல்’, அதன்பிறகு ‘தரவு’. எனக்கு அந்த ஆய்வு மேல் மரியாதை உண்டு, அதைச் செய்தவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். ஆனால் ஆய்வு வருவதற்கு முன்னாலும் அந்தத் தாய்மார்களுக்குத் தெரியத்தான் செய்தது. அவர்களுக்குத் தெரிந்ததற்குச் செல்லுபடி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் பெயரைச் சொல்லி யார் பேசினாலும் நம்பிவிடலாம் என்று இரண்டாவது வாசகர் சந்தோஷப்பட வேண்டாம். அவருக்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது.

2000 ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் ஜனாதிபதி தாபோ ம்பெக்கி. எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தவர் அவர். சந்தேகத்துக்கு அவர் போட்ட சட்டை சாதாரணமானதல்ல. ஆப்பிரிக்கர்களின் உடம்பைப் பற்றி, ஒழுக்கத்தைப் பற்றி வெள்ளைக்கார மருத்துவம் நூறு வருடமாக அசிங்கமாகப் பேசி வந்தது, மருந்துக் கம்பெனிகள் ஏழை நாடுகளைப் பிழிந்தன, இவர்கள் சொல்வதை நாம் ஏன் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும் என்றார். அத்தனையும் உண்மையான காயம். அந்தக் காயத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபைன் மருந்தை அரசாங்கம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொடுக்காமல் இழுத்தடித்தது. சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். அந்த மாநாட்டை ஒட்டி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், மருத்துவர்கள் கையெழுத்திட்ட டர்பன் பிரகடனம் வந்தும் பயனில்லை. கடைசியில் 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் மருந்துக்கு வழி திறந்தது. 2000 முதல் 2005 வரை எச்ஐவி மருந்துகளை உரிய நேரத்தில் கொடுக்காததால் மொத்தம் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள்.

இங்கே சந்தேகப்பட்டவர் ஜனாதிபதி மாளிகையில் இருந்தார். சந்தேகம் தப்பானால் அதற்கு விலை கொடுத்தவர்கள் டர்பனின் கறுப்பினக் குடியிருப்புகளான குவாமாஷுவிலும் உம்லாசியிலும் இருந்தார்கள். மருந்து கேட்டு வழக்குப் போட்ட இயக்கத்தில் பெரும்பகுதி யார்? எச்ஐவி பாசிட்டிவ் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த ஏழைக் கறுப்பினப் பெண்கள். வைரஸ் எப்படிப் பெருகுகிறது, மருந்து எங்கே தடுக்கிறது என்று வகுப்பு நடத்தி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். விஞ்ஞானம் வெள்ளைக்காரனுடையது என்று ஜனாதிபதி சொல்லிக்கொண்டிருந்தபோது அதைக் கற்றுக்கொண்டு கையில் எடுத்தவர்கள் அவர்கள். ஆக, ஒடுக்கப்பட்டவர் பெயரில் பேசுவதும் ஒடுக்கப்பட்டவர் பேசுவதும் வேறு வேறு. அடையாளத்தை மட்டும் பார்த்துவிட்டு நம்பினால் ம்பெக்கியை நம்பியிருக்க வேண்டும்.

ஆகவே நான் பார்ப்பதெல்லாம் இதுதான். யாராவது ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று சொன்னால், சந்தேகம் தப்பானால் அடி யாருக்கு விழும் என்று பார்ப்பேன். சந்தேகிக்கிறவருக்கே விழும் என்றால் அவர் பாடு, எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகித்துக்கொள்ளட்டும். வேறு யார் தலையிலோ விழும் என்றால், ஆதாரம் கொண்டுவா என்று அந்தத் தலைக்காரரிடமே கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கருவி, பணம், ஆவணம், நேரம் எல்லாம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்க வேண்டியதைக் கருவியே இல்லாதவரிடம் கேட்கிறோம்.

கடைசியாக எங்கள் ஆட்களைப் பற்றி. இதை எழுதுவதால் இங்கே சிலருக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும். ஒப்பந்தக் கூலியின் பேரப்பிள்ளைகள் என்று மேடையில் பேசும் நாம், வீட்டில் மோதிரம் காணாமல் போனால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? வேலைக்கு வரும் ஜூலுப் பெண்ணை. குளியலறை ஜன்னல் ஓரத்தில் மோதிரம் கிடைத்த பிறகும் அவளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டதாக நான் அபூர்வமாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த மாகாணத்திலும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌதெங் மாகாணத்திலும் சேர்த்து 350க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த நாட்களில் போலீஸ் கண்ணிலேயே படவில்லை, கடைகள் எரிந்தன, பயம் உண்மையானது, அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் வாட்ஸப்பில் வந்த முகம் தெரியாத குரல்களுக்கு, வருகிறார்கள், இன்ன தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்ற குரல்களுக்கு, ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. சாலைத் தடுப்பில் நின்றவர்கள், வேலைக்குப் போய்விட்டு நடந்துவந்த ஆளிடம்தான் ஆதாரம் கேட்டார்கள், நீ கொள்ளையடிக்க வரவில்லை என்பதற்கு. அவன் என்ன காட்டுவான்? பாலசுந்தரத்துக்காவது உடைந்த பல் இருந்தது.

முதல் வாசகர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன், எழுதினால் போட்டுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவரிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: 1972க்கும் 2017க்கும் நடுவில் திமோல் வீட்டார் எதை நம்பியிருக்க வேண்டும், அந்த நாற்பத்தைந்து வருடம் அவர்கள் சாயாமல் நின்றிருந்தால் வழக்கை மறுபடி திறக்க யார் இருந்திருப்பார்கள்?

கடிதம் நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. இடமில்லை என்றால் டெகார்த் பத்தியையும் கிரேக்கர் பத்தியையும் தாராளமாக வெட்டுங்கள். பீனிக்ஸ் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா